விளக்கை அணைக்க வந்தவர்

பொறாமையால் ஒருவர் குருவைத் தேடிப் போவாரா? தோணியப்பர் போனார்.

ஒரு காலத்தில் அந்தத் துறைமுக ஊரில் அவர் பெயரைத் தெரியாதவர் கிடையாது. பித்தளை வேலையில் கை தேர்ந்த ஆசாரி. கோயிலில் தொங்கிய சரவிளக்கு அவர் வார்த்தது. கல்யாண வீட்டில் குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்து, "தோணியப்பர் கைவேலை" என்று யாராவது சொன்னால் பெண் வீட்டாருக்கு அன்றைக்குத் தலை நிமிர்ந்து நிற்கும். தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அதெல்லாம் தமக்கு உரியதுதான் என்று அவரும் நடந்துகொண்டிருந்தார்.

பிறகு ஆவுடையம்மை வந்தார்.

செக்குக்காரர் வீட்டுப் பெண். தோணியப்பருக்குத் தங்கை வயதுதான் இருக்கும். பித்தளை வார்க்கத் தெரியாது, மரம் இழைக்கத் தெரியாது. ஆனால் எதைப் பார்த்தாலும் "இது ஏன் இப்படி இருக்கணும்?" என்று கேட்கிற புத்தி. முதலில், சாய்த்தாலும் சிந்தாத எண்ணெய்க் குடம் ஒன்று செய்தார். அடுத்து, ஊரே கூடி இழுக்கிற படகை ஒரு வீட்டு ஆட்களே கரையேற்றுகிற மாதிரி ஓர் உருளை. அதற்குப் பிறகு ஊர் வாயில் வேறு பேச்சே இல்லை. அம்மை அப்படி, அம்மை இப்படி. பக்கத்துத் துறைகளிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் அவரைப் பார்க்க வந்தார்கள்.

தோணியப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

"உளி பிடிக்கத் தெரியாதவளுக்கு வந்த வாழ்வைப் பாத்தியா?" என்று மனைவியிடம் புலம்பினார்.

"நீங்களும் புதுசா ஏதாவது செஞ்சு காட்டுங்களேன்" என்றாள் மனைவி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை அவரை ஒரு மாதம் தூங்கவிடவில்லை. உட்கார்ந்து பார்த்தார். கை எதைத் தொட்டாலும் பழைய குத்துவிளக்குதான் வந்தது.

கடைசியில் அவருக்கு ஒன்று தோன்றியது. அந்த ஆவுடையம்மையிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அவளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடலாம். உள்ளே போகாமல் எப்படித் தெரிந்துகொள்வது? நரைத்த தலையோடு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு, கடற்கரையில் இருந்த அம்மையின் பட்டறைக்குப் போய் நின்றார்.

"சீடனாச் சேத்துக்கணும்மா."

"எதுக்கு அண்ணே?"

அந்த ‘அண்ணே’ அவருக்குச் சுருக்கென்று குத்தியது. மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் குத்தியது.

"கத்துக்கத்தான்."

அம்மை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என் மேல கோவமா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லம்மா."

"அப்ப பொறாமை."

தோணியப்பர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லதாப் போச்சு" என்றார் அம்மை. "உங்களுக்கு ஏத்த வேலை ஒண்ணு இருக்கு. உள்ள வாங்க."

துறையின் வாயிலில் ஒரு பாறை இருந்தது. தண்ணீருக்கு மேல் தலையை மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில், விடிவதற்கு முன் கரை திரும்பும் படகுகள் அதில் மோதிச் சிதறுவது வருஷம் தவறாமல் நடந்தது. பாறைமேல் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். எந்த விளக்கு அந்தக் காற்றில் நின்றது? எண்ணெய் தீருமுன்னே திரி அணைந்துபோகும். அம்மை அப்போது காற்றில் அணையாத ஒரு விளக்கைச் செய்வதில் இறங்கியிருந்தார்.

"நான் விளக்கு செய்வேன். நீங்க அதை அணைக்கணும்."

"எப்படிம்மா?"

"எப்படி வேணும்னாலும். ஊதுங்க. துருத்தி வைங்க. தண்ணி ஊத்துங்க. புடிச்சு ஆட்டுங்க. ‘இனிமே என்னால ஆகாது’ன்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் விளக்கு இந்த வாசல் தாண்டாது."

அது அந்தப் பட்டறையின் வழக்கம். எது செய்தாலும் அதைக் கெடுத்துப் பார்க்க ஒருவர் இருப்பார். அவர் கைவிரித்த பிறகுதான் பொருள் வெளியே போகும். அதுவரை அந்த வேலை ஏகாம்பரம் என்ற சீடரிடம் இருந்தது. அம்மை கிழித்த கோட்டைத் தாண்டாதவர் அவர்.

தோணியப்பருக்குத் தம் காதுகளை நம்ப முடியவில்லை. வயிற்றெரிச்சலையே ஒரு வேலையாகக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

முதல் விளக்கை ஒரே மூச்சில் ஊதி அணைத்தார்.

"எப்படி அணைஞ்சுது?" என்று கேட்டார் அம்மை.

"கீழ இருக்கிற ஓட்டை வழியா."

அம்மை கையைக் கழுவிக்கொண்டு வந்து, திருகாணியைக் கழற்ற உட்கார்ந்தார்.

அடுத்த விளக்குக்குத் துருத்தி வேண்டியிருந்தது. அதற்கடுத்தது பக்கவாட்டில் அடித்தால் நின்றது, மேலிருந்து அடித்தால் அணைந்தது. இன்னொன்று காற்றையெல்லாம் தாங்கியது. அவர் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்ததும் கண்ணாடி விரிசல்விட்டு அணைந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு உள்ளுக்குள் தேன் இறங்கும். ஒவ்வொரு தடவையும் அம்மை கேட்பது அந்த ஒரே கேள்விதான். எப்படி அணைஞ்சுது? சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

தோணியப்பர் ஒன்றுக்காகக் காத்திருந்தார். அம்மை ஒரு பெருமூச்சு விட வேண்டும். "இது ஆகிற காரியமா?" என்று ஒரு தடவையாவது அலுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெருமூச்சுக்காக அவர் வருஷக்கணக்கில் காத்திருந்தார் என்றால் மிகையில்லை. அது வரவில்லை. காலையில் அணைத்த விளக்கின் இனிப்பு சாயங்காலத்துக்குள் கசந்துவிடும். ஏனென்றால் அதற்குள் அடுத்த விளக்குக்குத் தகடு வெட்டியாகியிருக்கும்.

ரகசியத்தையும் தேடிப் பார்த்தார். பூட்டிய அறை இல்லை. மறைத்த பெட்டி இல்லை. பட்டறையில் எல்லாம் திறந்தே கிடந்தது. எதைக் கேட்டாலும் அம்மை சொல்லிக்கொடுத்தார். தெரியாததைத் தோணியப்பரிடமே கேட்டார். "இந்த மூலையை எப்படி அண்ணே பத்தவைக்கிறது?" அவர் மனசில்லாமல் சொல்லிக்கொடுப்பார். இவ்வளவு திறந்து வைத்திருக்கிறாளே, அப்படியானால் ரகசியம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். பொறாமைக்கு அப்படி ஒரு மூளை.

ஒருநாள் ஏகாம்பரம் பொறுக்க முடியாமல் அம்மையிடம் போனார். தோணியப்பர் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"அம்மா, இந்த மனுசன் நீங்க தோக்கணும்னு உட்கார்ந்திருக்கார். விளக்கு அணையறப்ப அவர் மொகத்தைப் பாத்திருக்கீங்களா? அந்த வேலையை எனக்கே திருப்பிக் குடுங்க."

"சரி. நீயே அணைச்சுப் பாரு" என்றார் அம்மை.

ஏகாம்பரம் துருத்தியை எடுத்து முழுபலத்தோடு அடித்தார். கை ஓயும்வரை அடித்தார். சுடர் படபடத்தது, அணையவில்லை. "அணையலம்மா!" என்று குதித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க."

தோணியப்பர் அதே துருத்தியை வாங்கிக்கொண்டு விளக்கின் மறுபக்கம் போனார். இரண்டு தடவைதான் அடித்தார். விளக்கு அணைந்துவிட்டது.

அம்மை ஏகாம்பரத்தைப் பார்த்தார். "நீ எந்தப் பக்கம் நின்னே?"

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். பின்னால் கடலைப் பார்த்த வாசல் திறந்திருந்தது. உள்ளே வீசிய காற்று அத்தனையையும் அவர் முதுகு வாங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாம நின்னுட்டேம்மா."

"தெரியும்ப்பா" என்றார் அம்மை மெதுவாக. "அதனாலதான் அந்த வேலை உனக்கு வேணாம்."

தம்மைப் புகழ்ந்தாரா, ஏசினாரா என்று தோணியப்பருக்கு விளங்கவில்லை. விளங்காததால் அதற்கும் சேர்த்து எரிந்தார்.

அதற்கு அடுத்த வருஷம், ஆவணி மாதம், அந்த விளக்கு வந்தது. இரண்டு சுவர் வைத்து, கண்ணாடி பதித்த பித்தளைக் கூண்டு. காற்று மேலே நுழைந்து, இரண்டு சுவருக்கும் நடுவே இறங்கி, வேகம் அடங்கித்தான் சுடரைத் தொடும். தோணியப்பர் ஊதினார். துருத்தி அடித்தார். தண்ணீர் இறைத்தார். கயிற்றில் கட்டிச் சுழற்றினார். கடல் மணலை அள்ளி வீசினார். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

செய்தி ஊருக்குள் போனது. துறைத் தலைவர் அம்பலவாணர் நாள் குறித்துவிட்டார். வாடை தொடங்குவதற்கு முன் விளக்கு பாறைக்குப் போக வேண்டும். ஊர் திரண்டு வழியனுப்பும், மேளம் வரும்.

தோணியப்பர் மெலிந்துபோனார். இந்த ஒரு விளக்கு ஏறிவிட்டால் அவ்வளவுதான். இனி ஏழு தலைமுறைக்கும் இந்தக் கடற்கரையில் அவள் பெயர்தான். சரவிளக்கு வார்த்தவனை எவன் நினைப்பான்?

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் மட்டும் விளக்கின் முன்னால் நின்று துருத்தியை அடித்துக்கொண்டிருந்தார். அது சோதனை இல்லை, ஆத்திரம். வியர்வை கண்ணில் இறங்கியது. தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி வலித்தது. "போ, நாசமாப் போ" என்று துருத்தியைத் தூக்கி எறிந்தார்.

வழக்கமாகக் கை ஓய ஓய மெல்லக் குறைகிற காற்று, இந்தத் தடவை சட்டென்று நின்றது. சுடர் ஒரு துள்ளுத் துள்ளி மேலே எழும்பியது. அணைந்துவிட்டது.

தோணியப்பர் குனிந்து பார்த்தார். திரும்ப ஏற்றினார். ஓங்கி அடித்தார், அணையவில்லை. அடித்துக்கொண்டே இருந்து சட்டென்று நிறுத்தினார். அணைந்தது. இன்னொரு தடவை. அணைந்தது.

காற்று அடிக்கும்போது இல்லை. அடித்து நிற்கும்போது. இத்தனை வருஷம் எல்லோரும் அடிப்பதைப் பற்றியே யோசித்தார்கள். நிற்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வாடைக்காற்றோ ஒரே சீராக வீசுகிற காற்றில்லை. ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்ளும், மறுபடி அடிக்கும். கடற்கரையில் பிறந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மை சாப்பிட்டுவிட்டு வந்து, "ஏதாவது ஆச்சா அண்ணே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலம்மா."

சொன்னால் என்ன ஆகும்? எப்படி அணைஞ்சுது என்பாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். அந்த ஓட்டையையும் அடைத்து இன்னும் பெரிய ஆளாகிவிடுவாள். சொல்லாவிட்டால், ஊரே மேளத்தோடு ஏற்றிவைத்த விளக்கு முதல் வாடையிலேயே அணையும். அப்புறம் அம்மையாவது, ஆட்டுக்குட்டியாவது.

படகுகளின் நினைப்பும் வராமல் இல்லை. இத்தனை காலம் விளக்கு இல்லாமல்தானே போனார்கள், வந்தார்கள் என்று அதை ஒதுக்கித் தள்ளினார். விளக்கு இருக்கிறது என்று நம்பி வருகிறவன் வேறு, இல்லை என்று தெரிந்து வருகிறவன் வேறு என்பது அவருக்குத் தெரியும். அதையும் சேர்த்துத் தள்ளினார்.

குறித்த நாள் காலையில் கடற்கரையில் ஊர் கூடியது. விளக்குக்கு மாலை போட்டிருந்தார்கள். பாறைக்குப் போகும் படகு தயாராக நின்றது. அம்பலவாணர் புது வேட்டியில் வந்திருந்தார். பட்டறை வாசலில் அம்மை வழக்கப்படி திரும்பினார்.

"அண்ணே. அணையுமா?"

மேளம் நின்றது. எல்லோரும் தோணியப்பரைப் பார்த்தார்கள்.

"இல்லம்மா" என்றார் அவர். "இனிமே என்னால ஆகாது." சொல்லும்போது முகமெல்லாம் பூரித்திருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஏகாம்பரம் விளக்கைத் தூக்கினார்.

அம்மை அசையவில்லை. தோணியப்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏகாம்பரம், கீழ வையி" என்றார்.

"அம்மா?"

"உள்ள கொண்டு போ. விளக்கு இன்னும் தயாராகல."

அம்பலவாணர் முன்னால் வந்தார். "என்ன வெளையாட்டு இது? இவர்தான் ஆகாதுன்னு சொல்லிட்டாரே!"

"என் வேலையில பிழை இருக்கு ஐயா. இப்பத்தான் தெரிஞ்சுது."

"வாடை வந்து நிக்குது. ஊரைக் கூட்டி வெச்சு அவமானப்படுத்தறீங்களா?"

"வாடைக்கு முன்னால குடுத்துடறேன். முடியலைன்னா, பாறைப் பக்கம் யாரும் வரவேணாம்னு நானே வந்து ஒவ்வொரு வீட்டுலயும் சொல்றேன்."

அம்பலவாணர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். மாலையைக் கழற்றினார்கள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. "செக்குக்காரி செக்கையே ஓட்டியிருக்கலாம்" என்று எவனோ சத்தமாகச் சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள்.

இந்த வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று தோணியப்பர் எத்தனை நாள் ஏங்கியிருப்பார்! காதில் விழுந்தபோது இனிக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. அம்மை அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் பொய் சொன்னார் என்று விரலை நீட்டியிருந்தால் மீனவர்கள் அங்கேயே அவரை உரித்திருப்பார்கள். ‘என் பிழை’ என்றல்லவா சொன்னார்? இதிலும் அவள்தான் ஜெயித்தாள் என்று தோணியப்பருக்குத் தோன்றியது. நெஞ்சுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது.

அவர் உள்ளே போனபோது அம்மை விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எது அண்ணே?"

"நான் பொய் சொன்னது."

"சிரிச்சீங்களே."

தோணியப்பரின் கை தானாகப் போய் வாயைத் தொட்டது.

"நெசமாவே தோத்திருந்தா அந்த வார்த்தை உங்க தொண்டையை விட்டு வந்திருக்காது. அழுதிருப்பீங்க." அம்மை துருத்தியை அவர் பக்கம் நகர்த்தினார். "எப்படி அணைஞ்சுது?"

அவர் விளக்கை ஏற்றினார். துருத்தியை அடித்தார். சட்டென்று நிறுத்தினார். சுடர் துள்ளி அணைந்தது.

"திரும்ப" என்றார் அம்மை.

அணைந்தது.

"திரும்ப." இப்போது அம்மையின் முகம் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. "நின்னாத்தான் அணையுது! அண்ணே, இது எனக்குத் தோணவே தோணல. எப்படிப் புடிச்சீங்க?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைத் தோணியப்பரால் தாங்க முடியவில்லை. துருத்தியைக் கீழே போட்டார்.

"உங்களுக்குக் கோவமே வராதா? ஆள் செத்திருக்கும்மா. தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

"வரும். வந்திருக்கு." அம்மை கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "வாடை போகட்டும். அப்புறம் உங்களை ஒரு பாட்டம் திட்டறேன். இப்ப நேரமில்ல."

தோணியப்பர் மூலையில் கிடந்த தம் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் போறேம்மா."

அம்மை திருகாணியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"என் புத்தி திருந்தாது. ஊருக்கு முன்னால என்னைக் காட்டிக்குடுக்காம நின்னீங்களே, அதைப் பாத்துக்கூட வயிறு எரிஞ்சுது."

"தெரியும்."

"நாளைக்கு இந்த விளக்கு பாறையில நின்னா அதுக்கும் எரியும்."

"சரி."

"அப்புறம் எதுக்கு என்னை வெச்சுக்கணும்? உங்களைத் தெய்வமா நெனைக்கிறவங்க ஊர் பூரா இருக்காங்க. ஏகாம்பரம் உசிரையே குடுப்பான். ஒரு வார்த்தை சொன்னா நூறு பேர் வந்து நிப்பாங்க. நான் எதுக்கும்மா?"

அம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. கழற்றிய திருகாணியைத் தரையில் வைத்தார்.

"அவங்க எல்லாரும் என் விளக்கு நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க, அண்ணே. நானும் நம்பிடுவேன்."